நாற்பது நிமிடங்களில் அளக்கப்படும் 'தகுதி': நுழைவுத்தேர்வின் வாசிப்புப் பகுதியை எதிர்கொள்வது எப்படி?

இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கான 'கேட்' பொது நுழைவுத்தேர்வு, அண்மை ஆண்டுகளில் நவம்பர் மாதத்தின் இறுதி ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலிருந்தும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பட்டதாரிகள் இத்தேர்வை எழுதச் செல்கின்றனர். இவர்களில் பலர் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். கணக்குப் பகுதியைப் பயிற்சியால் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஆங்கில வாசிப்புப் பகுதியைக் கண்டதும் அந்த நம்பிக்கை குலைகிறது. "ஆங்கிலம் நமக்கு வராது" என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது என்பதையும், வாசிப்புத் திறனும் சொல்வளமும் படிப்படியாகக் கட்டி எழுப்பக்கூடியவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வு எதை அளக்கிறது?

கேட் தேர்வின் மொத்த நேரம் 2 மணி. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். ஒரு பகுதியில் மிச்சப்படுத்திய நேரத்தை இன்னொரு பகுதிக்குப் பயன்படுத்த இயலாது. அண்மை ஆண்டுகளின் முறைப்படி, மொழித்திறன் பகுதியில் 24 வினாக்கள் இடம்பெறுகின்றன. அவற்றுள் 16 வினாக்கள் நான்கு உரைப்பகுதிகளை ஒட்டிய வாசிப்புப் புரிதல் வினாக்கள். எஞ்சியவை சிதறிய வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், சுருக்கத்தைத் தெரிவு செய்தல் போன்றவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். பலவுள் தெரிவு வினாவில் தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். ஆகவே 72 மதிப்பெண்ணில் 48 மதிப்பெண் வாசிப்புப் புரிதலைச் சார்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேலாண்மைக் கழகங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்சத் தரநிலையை வரையறுக்கின்றன. பட்டியலின மாணவர்களுக்கு அந்த வரம்பு குறைவாக இருந்தாலும், வரம்பு என்பது உண்டு. கணக்கில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி, மொழிப் பகுதியில் மட்டும் வரம்பைத் தொடவில்லையென்றால் அழைப்புக் கடிதம் வராது. 2006ஆம் ஆண்டின் ஒன்றியக் கல்வி நிறுவனங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்குகிறது. அந்த உரிமையைக் கையில் பெறுவதற்கு முன்னால் நிற்கும் கதவுகளில் ஒன்று இந்த 40 நிமிடப் பகுதி.

பிற தேர்வுகளும் இதே திறனைக் கோருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நெட்' தேர்வில் முதல் தாளின் ஓர் அலகு வாசிப்புப் புரிதல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான 'ஜி.ஆர்.இ.' தேர்வின் மொழிப் பகுதியில், 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சுருக்கப்பட்ட வடிவத்தின்படி, 41 நிமிடங்களில் 27 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். கேட் தேர்வு சொற்பொருளை நேரடியாகக் கேட்பதில்லை; ஜி.ஆர்.இ. கோடிட்ட இடங்களின் வாயிலாக நேரடியாகவே கேட்கிறது. எனவே சொல்வளமும் வாசிப்பும் இணைந்தே வளர வேண்டும்.

புரிதல் பிறவிக் குணமன்று

1988ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஓர் உரைப்பகுதி கொடுக்கப்பட்டது. வாசிப்புத் திறன் மிகுந்தவர்கள், குறைந்தவர்கள், ஆட்டத்தை நன்கறிந்தவர்கள், அறியாதவர்கள் என நான்கு வகையினர் அதில் இருந்தனர். வாசிப்புத் திறன் குறைந்தவர்கள் எனக் கருதப்பட்டாலும் ஆட்டத்தை அறிந்திருந்த மாணவர்கள், நல்ல வாசகர்களாயினும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட மேலாகப் புரிந்துகொண்டனர் என்பதே முடிவு.

இந்த ஆய்வு நமக்கு இரு உண்மைகளைச் சொல்கிறது. முதலாவது, 'புரிதல்' எனப்படுவது மூளையின் பொதுவான ஆற்றல் மட்டுமன்று. உரையின் பொருள் குறித்து வாசகரிடம் முன்பே இருக்கும் அறிவையும் அது பெரிதும் சார்ந்தது. இரண்டாவது, எந்தப் பொருளில் உரைப்பகுதியைத் தெரிவு செய்வது என்னும் முடிவே ஒரு சாராருக்குச் சாதகமாகிவிடக்கூடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ளவரின் மகளுக்கு, முறைப்பணியும் மிகைநேர ஊதியமும் பற்றிய உரைப்பகுதியைக் கொடுத்தால் அவர் எளிதில் உட்புகுவார். ஆனால் தேர்வில் வருபவை பெரும்பாலும் ஐரோப்பியக் கலை வரலாறு, உளவியல், சூழலியல், மெய்யியல், நகர வரலாறு, பொருளாதாரக் கோட்பாடு ஆகியவை. 'ஏயான்' போன்ற கட்டுரை இதழ்களிலிருந்து உரைப்பகுதிகள் எடுக்கப்படுகின்றன. வீட்டில் ஆங்கில நூல்களும் அவற்றைப் பற்றிய உரையாடலும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உலகம் அறிமுகமானது. அறிமுகத்தின் பயனைத் 'திறமை' என்றும், அறிமுகமின்மையின் விளைவைத் 'தகுதியின்மை' என்றும் பெயரிடுவதே இங்கு நடப்பது.

தேர்வின் நடுநிலையைக் கேள்விக்குள்ளாக்குவது நமக்குப் புதிதன்று. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை 1893இல் எழுந்தபோது, இரட்டைமலை சீனிவாசன் தலைமையிலான பறையர் மகாஜன சபையினர் 3,412 பேரின் கையொப்பத்துடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினர். கல்வியை ஏற்கெனவே கைப்பற்றி வைத்திருந்த சாதியினரே அத்தேர்வால் அதிகாரத்தையும் கைப்பற்றுவர் என்பது அவர்களது அச்சம். அதே தலைமுறையினர் கேள்வி எழுப்பியதோடு நின்றுவிடவில்லை. அயோத்திதாசரின் முயற்சியும் ஆல்காட்டின் துணையும் இணைந்து 1894 முதல் சென்னையில் ஒடுக்கப்பட்டோருக்கான இலவசப் பள்ளிகள் எழுந்தன. சீனிவாசன் 'பறையன்' இதழை நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். தேர்வின் அநீதியை எதிர்த்துக் கேட்பது, தேர்வுக்கு நம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது ஆகிய இரண்டையும் அவர்கள் ஒருசேரச் செய்தார்கள். நாமும் இரண்டையும் செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

எத்தனை சொற்கள் தேவை?

ஓர் உரையை அகராதியின் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷனும் அவருடைய ஆய்வுத் துணைவரும் 2000ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். 500 சொற்கள் கொண்ட உரைப்பகுதியில் 10 சொற்கள் தெரியாவிட்டால் சமாளித்துவிடலாம். 50 சொற்கள் தெரியாவிட்டால் கருத்தோட்டமே அறுந்துவிடும். நாளிதழ்களையும் நாவல்களையும் தடையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையான சொற்குடும்பங்கள் தேவை என்று 2006இல் நேஷன் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரே அடியிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதி.

எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எல்லாச் சொற்களும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்து, வங்கப் பிள்ளைகளுக்கான ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், மிகுதியும் பயன்படும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். கல்லூரிப் பட்டம் பெற்ற ஒருவர் அவற்றுள் பெரும்பாலானவற்றை முன்பே அறிந்திருப்பார். அடுத்த படியாக, நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்விசார் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் உள்ளவை 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. ஆனால் கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவற்றைச் சேர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து வீதம் கற்றால் 114 நாள்களில் முடிந்துவிடும். 'கடினச் சொற்கள் மூவாயிரம்' என்று விற்கப்படும் தடித்த நூல்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், இந்த 570ஐ முழுமையாகத் தன்வயப்படுத்துவதே அறிவுடைமை.

வேரைப் பிடித்தால் கிளை வசப்படும்

ஆங்கிலத்தின் கல்விசார் சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. தமிழ் இலக்கணத்தில் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பழகிய மாணவருக்கு இது புதிய முறையன்று. நமக்கு அறிமுகமான சொற்களிலிருந்தே தொடங்கலாம்.

1936இல் அம்பேத்கர் வெளியிட்ட நூலின் தலைப்பில் 'அனிஹிலேஷன்' என்ற சொல் உள்ளது. அதன் உள்ளே இருப்பது 'நிஹில்' என்ற இலத்தீன் சொல், பொருள், 'ஒன்றுமில்லை'. சாதியை ஒன்றுமில்லாததாக்குதல் என்பதே அத்தலைப்பின் ஆழ்பொருள். சீர்திருத்துதல் வேறு, இல்லாமலாக்குதல் வேறு என்பதை அந்த வேர் காட்டிவிடுகிறது. இதை அறிந்தவருக்கு 'நிஹிலிசம்' என்ற சொல் தேர்வில் வந்தால், எதற்கும் பொருளில்லை எனக் கருதும் போக்கு என்று உய்த்துணர முடியும்.

'காமோஸ்' என்பது திருமணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'எண்டோ' என்றால் உள். 'எக்ஸோ' என்றால் வெளி. 'எண்டோகமி' அகமணம், 'எக்ஸோகமி' புறமணம், 'மோனோகமி' ஒருதுணை மணம், 'பாலிகமி' பலதுணை மணம். ஒரே வேர் நான்கு சொற்களைத் தருகிறது. முன்னொட்டுகள் வேறு பல சொற்களுக்கும் வழிகாட்டுகின்றன.

'மானுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் கை என்று பொருள். 'மேனுஸ்கிரிப்ட்' என்பது கையெழுத்துப்படி. கையால் செய்தல் என்பதே 'மேனுஃபாக்சர்' என்பதன் தொடக்கப் பொருள். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் உள்ள 'மேனுவல்' என்பதும் அந்தக் கையே. விடுதலையைக் குறிக்கும் 'எமான்சிபேஷன்' என்ற சொல்லிலும் அதே வேர் உள்ளது: உரோமானியச் சட்டத்தில் ஒருவரைப் பிறரின் கைப்பிடியிலிருந்து விடுவிப்பதை அது குறித்தது. இப்படிக் கற்ற சொல் எளிதில் மறவாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. 'மேனிஃபோல்ட்' என்ற சொல் கையோடு தொடர்புடையதன்று. 'பல மடங்கு' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் அது. வேர் வழியாக ஊகித்ததை வாக்கியத்தின் சூழலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

தெரிந்த சொற்களே ஏமாற்றும் இடம்

தெரியாத சொல்லைவிட, தெரிந்ததாக நாம் நினைக்கும் சொல்லே தேர்வில் கூடுதல் இழப்பைத் தருகிறது. 'ரிசர்வேஷன்' என்றதும் நமக்கு இடஒதுக்கீடு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஓர் ஆசிரியர் ஒரு கோட்பாட்டின்மீது 'ரிசர்வேஷன்' கொண்டிருக்கிறார் என்றால், அவருக்கு அதில் தயக்கமும் ஐயமும் உண்டு என்று பொருள். 'குவாலிஃபைடு' என்றால் தகுதி பெற்ற என்று அறிவோம். ஒரு கருத்துக்கு 'குவாலிஃபைடு' ஆதரவு தருகிறார் என்றால், நிபந்தனைக்குட்பட்ட, வரையறைகளோடு கூடிய ஆதரவு என்று பொருள். 'கம்யூனிட்டி' என்றால் தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வரும். சூழலியல் உரையில் அது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிரினங்களின் தொகுதியைக் குறிக்கும். 'டிஸ்கிரிமினேட்டிங்' என்பது பாகுபாடு காட்டும் என்ற பொருளில் மட்டுமன்றி, நுட்பமாக வேறுபாடு அறியும் என்ற பாராட்டுப் பொருளிலும் வரும். 'சாங்ஷன்' ஓரிடத்தில் ஒப்புதல். வேறோர் இடத்தில் தண்டனை நடவடிக்கை.

ஆகவே சொற்பட்டியல் எழுதும்போது ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். சொல், அது வந்த முழு வாக்கியம், அவ்விடத்தில் அதன் பொருள், அதன் குடும்பச் சொற்கள் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுத வேண்டும்.

நீண்ட வாக்கியத்தை அவிழ்த்தல்

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வாக்கியம் சிக்கலாகத் தோன்றுவதற்கு மொழியமைப்பே ஒரு காரணம். தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். பெயரை விளக்கும் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வரும். "ஆவடியில் பிறந்து வளர்ந்த மாணவி" என்கிறோம். ஆங்கிலத்தில் மாணவி முதலில் வந்துவிடுவார். பிறந்ததும் வளர்ந்ததும் பின்னால் தொங்கும். எழுவாய்க்கும் வினைக்கும் இடையே இரண்டு மூன்று வரிகள் புகுந்துகொள்ளவும் கூடும். தமிழ் வாசகர் பழக்கத்தின்படி முடிவை எதிர்நோக்கிச் சென்று, நடுவில் எழுவாயைத் தொலைத்துவிடுகிறார்.

இதற்குத் தீர்வு எளிது. பயிற்சியின் தொடக்கத்தில் நீண்ட வாக்கியம் ஒவ்வொன்றிலும் எழுவாயையும் அதற்குரிய வினைமுற்றையும் பென்சிலால் கோடிட்டுக் காட்டுங்கள். எஞ்சியவற்றை அடைப்புக்குறிக்குள் இருப்பதாகக் கருதி, முதலில் எலும்புக்கூட்டை மட்டும் படியுங்கள். பிறகு தசையைச் சேருங்கள். நாளுக்குப் பத்து வாக்கியங்களை இவ்வாறு அவிழ்த்தால், சில வாரங்களில் பென்சில் தேவைப்படாது.

இணைப்புச் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'ஹவெவர்', 'நெவர்தலெஸ்', 'ஆல்தோ' போன்றவை வந்தால் ஆசிரியர் திசை மாறுகிறார். 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' வந்தால் முடிவுக்கு வருகிறார். 'மோர்ஓவர்' வந்தால் அதே திசையில் மேலும் ஒரு சான்று சேர்க்கிறார். வினாக்கள் பெரும்பாலும் இந்தத் திருப்பங்களில்தான் காத்திருக்கின்றன.

1916ஆம் ஆண்டின் ஒரு கட்டுரையைக் கொண்டு பயிற்சி

உயர்பள்ளியில் சமற்கிருதம் படிக்க அனுமதி மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்தவர் அம்பேத்கர். மொழிக் கதவு அடைக்கப்படுவதன் பொருளை அவர் நன்கறிவார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவராக அவர் வாசித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. வாசிப்புப் புரிதலுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி உரை நமக்குக் கிடைப்பது அரிது. ஏனெனில் தேர்வில் வரும் உரைப்பகுதிகளின் கட்டமைப்பே அதன் கட்டமைப்பு: பிறர் கருத்தை எடுத்துரைத்தல், அதன் போதாமையைக் காட்டுதல், தன் கருத்தை நிறுவுதல், எதிர்வாதத்துக்கு விடையளித்தல்.

கட்டுரையின் தொடக்கத்தில் செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் சாதி வரையறைகளை அவர் வரிசையாகத் தருகிறார். தீட்டு, உடனுண்ணாமை முதலியவற்றைச் சாதியின் அடிப்படை இயல்பாகக் கொள்வதை மறுக்கிறார். விளைவைக் காரணமாகக் கொண்ட பிழையைச் சுட்டுகிறார். பிறகு அகமணமே சாதியின் சாரம் என்ற தன் முடிவை முன்வைக்கிறார். புறமணம் வழங்கிய சமூகத்தின்மீது அகமணம் ஏற்றப்பட்டதே சாதியின் தோற்றம் என்றும், அகமணத்தைக் காப்பதற்கு ஆண், பெண் எண்ணிக்கையைச் சமமாக வைத்திருக்க வேண்டியிருந்தது என்றும், உடன்கட்டை, கட்டாய விதவைமை, குழந்தை மணம் ஆகியவை அதற்கான வழிமுறைகளே என்றும் வாதத்தை நகர்த்துகிறார். மனு என்ற ஒரு தனிமனிதர் சாதியைப் படைத்தார் என்பதை மறுத்து, தன்னை முதலில் மூடிக்கொண்ட வகுப்பைப் பிற வகுப்புகள் போலச் செய்தன என்று விளக்குகிறார்.

இப்போது இதன்மீது ஒரு வினா எழுப்புவோம்: "கட்டுரையாசிரியரின் மையக் கருத்து யாது?" நான்கு விடைகள் தரப்படுகின்றன. அ) தீட்டு என்னும் கருத்தே சாதிக்கு அடிப்படை. ஆ) சாதி மனிதநேயமற்றது, அதை உடனே ஒழிக்க வேண்டும். இ) சாதியை ஆராய்ந்த அறிஞர்கள் அனைவரும் முற்றிலும் தவறானவர்கள். ஈ) அகமணத்தின் வழியாகவே ஒரு வகுப்பு சாதியாக இறுகுகிறது.

'அ' என்பது ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கருத்து. அவசர வாசிப்பில் நேரும் முதல் பிழை இதுவே. 'இ' மிகைக்கூற்று. அவர் அறிஞர்களை முழுமையாகத் தள்ளவில்லை. அவர்களிடம் பொருந்தியதை ஏற்று, தவறவிட்டதைச் சுட்டுகிறார். 'அனைவரும்', 'முற்றிலும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் உள்ள விடையை இருமுறை ஐயுற வேண்டும். 'ஈ' சரியான விடை.

இயக்கத் தோழர்கள் வழுக்கி விழக்கூடிய இடம் 'ஆ'. அது உண்மை; அம்பேத்கர் பிற்காலத்தில் அதை உரக்கச் சொன்னவர்; நம் வாழ்வும் அதையே சொல்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையின் வாதம் அதுவன்று. இது சாதியின் இயங்குமுறையையும் தோற்றத்தையும் விளக்கும் கட்டுரை. தேர்வு கேட்பது உலகில் எது உண்மை என்பதையன்று. இந்த உரையில் ஆசிரியர் எதைச் சொன்னார் என்பதை மட்டுமே. நமது முன்னறிவு உரைக்குள் நுழைய உதவும். விடையைத் தெரிவு செய்யும்போது அதை வெளியே நிறுத்த வேண்டும். குடியேற்ற ஆதிக்கம், இனம், பெண்ணுரிமை பற்றிய உரைப்பகுதிகளில் இந்தக் கட்டுப்பாடு இன்றியமையாதது. எதிராளியின் வாதத்தை அவர் சொன்னபடியே எடுத்துரைத்துப் பிறகு மறுப்பது அம்பேத்கரின் முறை. தேர்வுக்கு வெளியிலும் அது நமக்குத் தேவையான பண்பு.

இங்கு ஒரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கான 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுகளுக்கு வெளிநாட்டில் பயில உதவி கிடையாது என்று அறிவித்தன. கொலம்பியாவில் 'இந்தியாவில் சாதிகள்' எழுதிய மாணவர், அந்த விதியின்படி உதவிக்குத் தகுதியற்றவராகியிருப்பார். நாம் தேர்வை வெல்ல முயலும்போதே, விதிகளைக் கண்காணிக்கவும் வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆறு மாதத் திட்டம்

முதல் இரண்டு மாதங்களில் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அம்பேத்கர் நூல் தொகுதிகளை மராட்டிய அரசு 1979 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்த் தொகுதிகளை வெளியிட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில்தான் இயங்குகிறது. ஒரு பத்தியைத் தமிழில் படித்து, அதே பத்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் வாக்கியத்தின் கட்டமைப்பும் சொற்களும் கண்ணில் படும். அடுத்து அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பொருளில் எதிரெதிர் வாதங்களை அங்கே காணலாம்.

மூன்றாம், நான்காம் மாதங்களில் அறிமுகமில்லாத துறைகளுக்குச் செல்லுங்கள். வாரத்துக்கு ஒரு துறை: ஒரு வாரம் சூழலியல், மறுவாரம் கலை வரலாறு, அதற்கடுத்து உளவியல். முன்னறிவே புரிதலைத் தருகிறது என்றால், அந்த முன்னறிவைத் திட்டமிட்டுச் சேகரிப்பதே நம் பணி. ஒவ்வொரு கட்டுரையையும் படித்து முடித்ததும், பார்க்காமல் மூன்று வரிகளில் தமிழிலேயே சுருக்கி எழுதுங்கள். சுருக்க முடியவில்லையென்றால் புரியவில்லை என்று பொருள், மீண்டும் படியுங்கள். சுருக்கத்தைத் தமிழில் எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. புரிதலைச் சோதிக்க அதுவே நேரிய வழி.

இறுதி இரண்டு மாதங்கள் நேரப் பயிற்சிக்குரியவை. நான்கு உரைப்பகுதிகளில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 100 சொற்கள் படிப்பவருக்கு வாசிப்புக்கே 20 நிமிடங்கள் செலவாகும். 24 வினாக்களுக்கும் தலா 50 விநாடிகளே மிஞ்சும். நிமிடத்துக்கு 200 சொற்கள் படிப்பவருக்கு வினாவுக்கு 75 விநாடிகள் கிடைக்கும். அந்தக் கூடுதல் 25 விநாடிகளே ஐயத்துக்குரிய இரு விடைகளுக்கிடையே தெளிவைத் தரும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குச் செல்லும் மின்சார இரயில் பயணம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஒரு முழுப் பகுதிக்குரிய நேரம் அதுவே. 2017 முதல் மேலாண்மைக் கழகங்கள் வெளியிட்டுள்ள வினாத்தாள்கள் பயிற்சிக்குப் போதுமானவை. தவறிய வினா ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் குறித்து வையுங்கள்: சொல் தெரியவில்லையா, வாக்கியம் சிக்கியதா, பிறர் கருத்தை ஆசிரியர் கருத்தாகக் கொண்டேனா, என் கருத்தைப் புகுத்தினேனா? ஒரு மாதத்தில் உங்கள் பலவீனத்தின் வரைபடம் கையில் இருக்கும்.

சொற்களைப் பொறுத்தவரை, மறதி என்பது இயல்பு. 1885இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கற்றவை முதல் சில நாள்களிலேயே மிகுதியாக மறந்துபோவதை அளந்து காட்டினார். அதற்கு மருந்து, இடைவெளி விட்டு மீள்பார்ப்பது. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை செலவில்லாதது. ஐந்து தீப்பெட்டி அட்டைப் பெட்டிகள் போதும். புதிய சொல்லட்டை முதல் பெட்டியில். நினைவிருந்தால் அடுத்த பெட்டிக்கு, மறந்தால் மீண்டும் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியை நாள்தோறும், அடுத்தடுத்த பெட்டிகளைக் கூடுதல் இடைவெளியில் பாருங்கள்.

தனியே படிப்பதைவிடக் குழுவாகப் படிப்பது மேலானது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே உரைப்பகுதியைப் படித்து, ஏன் இந்த விடை, ஏன் அது இல்லை என்று வாதிட்டால், பெரும்பணம் கேட்கும் பயிற்சி மையங்கள் தருவதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளும் படிப்பு வட்டங்களும் உள்ள பகுதிகளில், வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குவது கடினமன்று.

அரசின் கடமை

தனிமனித முயற்சியைப் பற்றி மட்டும் பேசி, கட்டமைப்பின் பொறுப்பை மறைப்பது நேர்மையாகாது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி இம்மாநிலத்தில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அந்த வரியை அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் செலுத்துகின்றன. கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூரின் கன்னிமாரா நூலகமும் பெருமைக்குரியவை. ஆனால் முறைப்பணி முடித்து வரும் இளைஞர் அங்கே சென்று திரும்புவதற்குள் மாலை கழிந்துவிடும். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பகம்' போன்ற படிப்பிடங்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் அருகிலேயே, இரவு நேரத்திலும் திறந்திருக்கும் வகையில் தேவை. தாட்கோவின் பயிற்சித் திட்டங்களும், ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்தின் இலவசப் பயிற்சித் திட்டமும் கல்லூரி இறுதியாண்டில் அன்றி முதலாண்டிலேயே மாணவரைச் சென்றடைய வேண்டும். வாசிப்பு மூன்று மாதத்தில் ஊட்டக்கூடிய பொருளன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆங்கில நாளிதழும் இதழ்களும் நூல்களும் இருக்கின்றனவா என்று கேட்பது மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பேராசிரியர் பணியிடங்களில் 'தகுதியானோர் எவரும் கிடைக்கவில்லை' என்று எழுதி, ஒதுக்கப்பட்ட இடங்களைக் காலியாக விடும் வழக்கத்தை நாம் அறிவோம். அந்த வாக்கியத்தின் வேர் நுழைவுத்தேர்வு அறையிலேயே ஊன்றப்படுகிறது. 1893இல் கையொப்பமிட்ட 3,412 பேரில் எத்தனை பேருக்குத் தம் பெயரைத் தவிர வேறு எழுதத் தெரிந்திருக்கும் என்று சொல்ல இயலாது. தேர்வு யாருக்காக நடத்தப்படுகிறது என்ற கேள்வியை எழுப்ப அது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. இன்று அதே கேள்வியை அவர்களின் வழிவந்த மாணவர்கள் தேர்வறைக்குள்ளிருந்தே எழுப்ப முடியும். அதற்கு இன்றைய மாலையில் ஒரு பத்தி, ஐந்து சொற்கள் என்ற அளவிலேனும் தொடங்கிவிடுவோம்.